பைரோக்ரொயிட்: ஓர் அரிய மாங்கனீசுக் கனிமமும் அதனைத் தமிழில் விளக்கும் முறையும்

0. முன்னுரை

அறிவியல் மொழிபெயர்ப்பைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கத்தையே மையமாகக் கொண்டுள்ளன. ஒரு பொருளின் பெயருக்கு நேரான தமிழ்ச்சொல் கிடைத்துவிட்டால் மொழிபெயர்ப்பின் கடினமான பகுதி முடிந்தது எனக் கருதும் போக்கும் உண்டு. ஆயினும் ஒரு பொருளின் இயல்பை விளக்கும் தொடரில் காலமும் சூழலும் காரணமும் எவ்வாறு பொதிந்துள்ளன என்பது பெயரைப் போலவே இன்றியமையாதது. பைரோக்ரொயிட் என்னும் கனிமம் இதற்குத் தக்க சான்றாகும். பாறைக்குள் ஒரு நிறமும் காற்றில் வேறொரு நிறமும் கொள்வது அது. அதன் பெயரும் வேதிப்பெயரும் அது சார்ந்த தனிமத்தின் பெயரும் மொழிபெயர்ப்பில் எளிதாகத் திரிபடக் கூடியவை.

இக்கட்டுரை இக்கனிமத்தின் இயல்பையும் கிடைக்குமிடங்களையும் முதலில் விளக்குகிறது. பின்னர் அதனைத் தமிழில் கூறும்போது எழும் ஐந்து சிக்கல்களை ஆராய்கிறது.

1. கனிமத்தின் இயல்பு

பைரோக்ரொயிட் ஒரு மாங்கனீசு ஹைட்ராக்சைடு ஆகும். ஒரு மாங்கனீசு அயனிக்கு இரண்டு ஹைட்ராக்சைடு அயனிகள் என்னும் விகிதத்தில் அது அமைந்துள்ளது. எடையளவில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாங்கனீசு. இதிலுள்ள மாங்கனீசு இரண்டு என்னும் தாழ்ந்த ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ளது. இக்கனிமத்தின் அருமைக்கும் நிலையின்மைக்கும் இதுவே காரணம்.

இதன் படிகத்தில் மாங்கனீசு அயனிகள் ஒரு தளமாகவும், அத்தளத்தின் மேலும் கீழும் ஹைட்ராக்சைடு அயனிகள் இரு தளங்களாகவும் அடுக்கப்பட்டுள்ளன. இம்மூன்று தளங்களும் சேர்ந்தது ஓர் ஏடு. ஏட்டிற்குள் பிணைப்பு வலியது. ஏட்டிற்கும் ஏட்டிற்கும் இடையே மெலியது. ஆதலின் கனிமம் ஏடு ஏடாகப் பிரியும். பிளவுப் பரப்பில் முத்தின் மிளிர்வு தோன்றும். மோஸ் அளவுகோலில் இதன் கடினத்தன்மை 2.5, நகத்தின் கடினத்தன்மையை ஒட்டியது. ஒப்படர்த்தி ஏறத்தாழ 3.25.

இதே அடுக்கமைப்பை உடைய மற்றொரு கனிமம் புரூசைட். அது மக்னீசியம் ஹைட்ராக்சைடு. அமெரிக்கக் கனிமவியலாளர் ஆர்ச்சிபால்டு புரூசின் பெயரால் அது வழங்குகிறது. கடினத்தன்மை, பிளவு, மிளிர்வு ஆகியவற்றில் இரண்டும் ஒத்தவை. ஆனால் புரூசைட்டின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.4 மட்டுமே. புரூசைட் காற்றில் கருப்பதில்லை, பைரோக்ரொயிட் கருக்கும். இவ்வேறுபாடு இக்கட்டுரையில் மீண்டும் பயன்படும்.

சூடாக்கினால் பைரோக்ரொயிட் நீராவியை வெளியிடும். எஞ்சுவது மாங்கனீசு மோனாக்சைடு. அதன் நிறம் பச்சை. காற்று இருப்பின் அதுவும் மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பும் கருமையுமாகும்.

2. கிடைக்குமிடங்கள்

சுவீடன் நாட்டின் வெர்ம்லாந்து மாநிலத்துப் பாய்ஸ்பெர்க் சுரங்கத்தில் கிடைத்த மாதிரியைக் கொண்டு, இகெல்ஸ்ட்ரோம் என்னும் கனிமவியலாளர் 1864இல் இக்கனிமத்தை விவரித்தார். அம்மாநிலத்தின் லோங்பான், நூர்ட்மார்க் ஆகிய சுரங்கங்களிலும், அமெரிக்காவின் நியூசெர்சி மாநிலத்துப் பிராங்கிளின், ஸ்டெர்லிங் ஹில் சுரங்கங்களிலும் இது அறியப்பட்டது. சப்பானின் நோடா-தமகாவா சுரங்கத்திலும் தென்னாப்பிரிக்காவின் கலகாரி மாங்கனீசுப் பகுதியிலும் காணப்படுகிறது. உருமாற்றமடைந்த மாங்கனீசுப் படிவுகளில், தாழ்ந்த வெப்பநிலையில் நீர்மங்கள் ஊடுருவிய வெடிப்புகளில், கால்சைட், ஹௌஸ்மனைட், ரோடோகுரோசைட் போன்றவற்றுடன் இது தோன்றுகிறது.

மாங்கனீசு உலகில் அரிய தனிமம் அன்று. இந்தியாவில் மட்டும் பாலாகாட், பண்டாரா, நாக்பூர், விசயநகரம், சண்டூர், கேந்துசார் எனப் பல மாங்கனீசு மண்டலங்கள் உள்ளன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் ஃபெர்மோர் 1909இல் வெளியிட்ட பெருநூல் இவற்றை விரிவாக விளக்குகிறது. ஆனால் இம்மண்டலங்களின் முதன்மைத் தாதுக்கள் பிரவுனைட், பைரோலூசைட், சைலோமெலேன் முதலியன. இவற்றிலுள்ள மாங்கனீசு பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு என்னும் உயர்ந்த ஆக்சிஜனேற்ற நிலையில் உள்ளது. வெப்பமண்டலத்து மழையும் காற்றும் ஊடுருவும் மேற்பரப்பில் மாங்கனீசு அந்நிலைகளையே நாடும். ஆக்சிஜன் அண்டாத இடுக்குகளில் மட்டுமே பைரோக்ரொயிட் பிழைத்திருக்கும். தனிமம் மலிவு; அத்தனிமத்தின் இந்த நிலைதான் அரிது.

3. நிறத்தைக் கூறும் தொடர்

கனிமவியல் கையேடுகள் இயல்புகளை அட்டவணையாகத் தருகின்றன. பைரோக்ரொயிட்டின் நிறம் பற்றிய பதிவு தமிழில் மூன்று வகையாக அமையக் கூடும்:

(அ) நிறம்: வெண்மை, பச்சை, நீலம், பழுப்பு, கருப்பு.
(ஆ) நிறம்: வெண்மை, வெளிச்சத்தில் கருக்கும்.
(இ) நிறம்: புதிதாக உடைத்த பரப்பில் நிறமற்றது அல்லது வெண்மை, சிலபோது வெளிர்பச்சை, வெளிர்நீலம், காற்றுப்படப் படப் பழுப்பாகி, முடிவில் கருக்கும்.

முதல் தொடரில் காற்புள்ளி உம்மையின் இடத்தைப் பிடித்துள்ளது. வெள்ளைப் பைரோக்ரொயிட்டும் உண்டு, கருப்புப் பைரோக்ரொயிட்டும் உண்டு என்றே படிப்பவர் பொருள்கொள்வார். நீலக்கல்லும் மாணிக்கமும் போல நிறவகைகள் பல என்னும் எண்ணம் தோன்றும். மூலத்தில் வரிசையாக நிகழ்ந்த மாற்றம் இங்கு வெறும் பட்டியலாகிவிட்டது.

இரண்டாம் தொடரின் பிழை வேறு வகையானது. ஆங்கிலக் கையேடுகளில் இவ்விடத்தில் வரும் எக்ஸ்போஷர் என்னும் சொல் ஒளிப்படக் கலையில் ஒளி படுதலையும், நிலவியலில் பாறை வெளித்தெரியும் இடத்தையும், பொதுவழக்கில் திறந்த வெளியில் இருத்தலையும் குறிக்கும். அது எதற்கு வெளிப்படுகிறது என்பதை ஆங்கிலத் தொடர் கூறாமல் விட்டுவிடலாம். தமிழ்த் தொடர் விட இயலாது. வெளிச்சமா, காற்றா, ஈரமா என்பதைத் தமிழில் எழுதுவோர் தேர்ந்தாக வேண்டும். பைரோக்ரொயிட்டைக் கருக்கச் செய்வது ஆக்சிஜன். வெளிச்சம் எனக் கொண்ட காப்பாளர் மாதிரியை இருட்டறையில் வைப்பார்; அங்கும் அது கருக்கும்.

மூன்றாம் தொடரே ஏற்புடையது. ‘படப் படப்’ என்னும் அடுக்கு மாற்றத்தின் படிப்படியான தன்மையையும், ‘ஆகி’ என்னும் எச்சம் அதன் வரிசையையும் காட்டுகின்றன. தமிழ் வினையெச்சத்திற்கு இயல்பாகவே உள்ள ஆற்றல் இது. அட்டவணையின் சுருக்கத்திற்காக அதனைக் கைவிடுவது கருத்தையே கைவிடுவதாகும். காற்றில் நெடுநாள் இருந்த மாதிரி புறவடிவம் மாறாமலே ஹௌஸ்மனைட்டாகவோ மாங்கனைட்டாகவோ மாறிவிடுவதும் உண்டு. அந்நிலையில் கருப்பு என்பது பைரோக்ரொயிட்டின் நிறமே அன்று. அதன் இடத்தைப் பிடித்த வேறு கனிமத்தின் நிறம்.

4. பெயரில் உள்ள தீ

பைரோக்ரொயிட் என்னும் பெயர் தீ, நிறம் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களால் ஆனது. இவற்றை நேராகக் கொண்டு ‘தீநிறக்கல்’ எனத் தமிழாக்கினால் என்ன நேரும் என்பது எண்ணத்தக்கது.

தொல்காப்பியம் எச்சவியலில் தொகைகள் ஆறாக வகுக்கப்பட்டுள்ளன. தொகையில் உருபு மறைந்து நிற்பதால் சொற்களின் உறவைப் படிப்பவரே விரித்துக்கொள்ள வேண்டும். ‘தீநிறம்’ என்பதைத் தமிழ் படிப்பவர் உவமத்தொகையாகவே விரிப்பார்: தீப் போன்ற நிறம். அப்பொருளில் இது செந்நிறக் கல்லின் பெயராகும். பைரோக்ரொயிட்டோ செந்நிறம் உடையதன்று. பெயரிட்டவர் கருதியது, தீயால் நிறம் மாறுவது என்பது. அது மூன்றாம் வேற்றுமைப் பொருள். மாறுதல் என்னும் வினையும் உடன்தொக்கது. இறுதியில் கனிமத்தைக் குறிப்பதால் அன்மொழியும் ஆனது.

தீ என்னும் சொல்லை முதனிலையாகக் கொண்ட பிற கனிமப் பெயர்களையும் ஒப்புநோக்குதல் பயன் தரும். பைரைட், தட்டினால் தீப்பொறி தருவது; ‘தீயை எழுப்பும்’ என்னும் இரண்டாம் வேற்றுமைப் பொருள். பைரோப் என்னும் செந்நிறக் கார்னெட், தீப் போன்ற கண்ணை உடையது. உவமை அடியாகப் பிறந்த அன்மொழி. பைரோலூசைட், தீயில் கழுவுவது; உருகிய கண்ணாடியில் இரும்பினால் ஏறும் பச்சைச் சாயலை நீக்க அது பயன்பட்டதால் அப்பெயர் பெற்றது; ஏழாம் வேற்றுமைப் பொருள். பைராக்சின், தீக்கு அயலானது. 1796இல் ஆயி என்னும் பிரெஞ்சுக் கனிமவியலாளர், எரிமலைக் குழம்பில் தற்செயலாகச் சிக்கிய வேற்றுக் கனிமம் எனக் கருதி இட்ட பெயர். நான்காம் வேற்றுமைப் பொருள். பைராக்சின்கள் தீப்பாறைகளிலேயே பிறப்பவை எனப் பின்னர்த் தெளிவாயிற்று. பிழையான கருத்து பெயரில் மட்டும் நின்றுவிட்டது.

ஆக, ஒரே முதனிலை ஐந்து பெயர்களில் ஐந்து வேறு உறவுகளில் நிற்கிறது. கிரேக்கத் தொகையும் தமிழ்த் தொகையும் உறவை மறைப்பதில் ஒத்தவை. ஆனால் மறைந்ததை மீட்கும் வழக்கு மொழிக்கு மொழி வேறானது. உறுப்புச் சொற்களை மட்டும் பெயர்த்து உறவைப் பெயர்க்காது விடும் தமிழாக்கம், பெயரிட்டவர் கண்டறிந்த உண்மையை அழித்து வேறொரு பொய்யை அவ்விடத்தில் வைக்கிறது.

‘நிறமாறி’ என்னும் சொல்லும் ஏற்றதன்று. நிறம் மாறும் கனிமங்கள் பல. அன்றியும், பொட்டாசியம் மாங்கனேட்டு கரைசலில் பச்சையிலிருந்து ஊதாவாக மாறுவதால் பழைய வேதியியலார் அதனைக் ‘கனிமப் பச்சோந்தி’ என்றே அழைத்தனர். எனவே, மாங்கனீசு பற்றிய நூலில் அச்சொல் புதிய மயக்கத்தையே தரும்.

5. நீரும் ஹைட்ராக்சைடும்

பழைய கனிமவியல் நூல்கள் பைரோக்ரொயிட்டை மாங்கனீசு மோனாக்சைடும் நீரும் சேர்ந்ததாக எழுதின. சூடாக்கினால் இவ்விரண்டுமே கிடைப்பதால் அவ்வழக்கு தோன்றியது. இதனைப் பின்பற்றி ‘நீரேறிய மாங்கனீசு ஆக்சைடு’ என எழுதுவது தவறாகும்.

நீரேறிய பொருளுக்கு மயில்துத்தம் நல்ல எடுத்துக்காட்டு. அதன் படிகத்தில் நீர் மூலக்கூறுகள் நீராகவே உள்ளன. சூடாக்கினால் நீர் நீங்கி வெண்மையாகும். நீர் சேர்த்தால் நீலம் மீளும். பைரோக்ரொயிட்டில் நீர் மூலக்கூறு ஒன்றும் இல்லை. ஹைட்ராக்சைடு அயனிகளே உள்ளன. சூட்டில் அவை சிதைந்து நீர் உண்டாகிறது. எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு இவ்வாறு நீங்கும். ‘நீர் உள்ளது’ என்பதும் ‘நீராகப் பிரிவது’ என்பதும் வெவ்வேறு கூற்றுகள்.

இவற்றோடு மூன்றாவதாக ஆக்சிஹைட்ராக்சைடு என்னும் வகையும் உண்டு. ஒரு மாங்கனீசுக்கு ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ராக்சைடும் உடையது அது. 1827இல் ஹைடிங்கர் பெயரிட்ட மாங்கனைட் இவ்வகையினது. கரும்பழுப்பு அல்லது எஃகுச் சாம்பல் நிறமும், 4 என்னும் கடினத்தன்மையும், ஏறத்தாழ 4.3 என்னும் ஒப்படர்த்தியும் உடைய அது, தொட்ட மாத்திரத்திலேயே பைரோக்ரொயிட்டிலிருந்து வேறுபடும். ‘மாங்கனீசு ஹைட்ராக்சைடு’ என்னும் ஒரே சொல்லால் இரண்டையும் சுட்டினால், ஒன்றின் இயல்புகள் மற்றொன்றின் மேல் ஏறிவிடும். இலங்கைத் தமிழில் வழங்கும் ‘ஐதரொட்சைட்டு’, தமிழகத்தில் வழங்கும் ‘ஹைட்ராக்சைடு’ என்னும் வடிவ வேறுபாடு பொருளைக் கெடுப்பதில்லை. வகை வேறுபாட்டை விட்டுவிடுவது கெடுக்கும்.

6. மாங்கனீசும் மக்னீசியமும்

இவ்விரு பெயர்களும் மக்னீசியா என்னும் கிரேக்க நிலப்பகுதியின் பெயரோடு தொடர்புடையவை. 18ஆம் நூற்றாண்டு வேதியியலில் மாங்கனீசு டையாக்சைடு ‘கருப்பு மக்னீசியா’ என்றும், மக்னீசியம் கார்பனேட்டு ‘வெள்ளை மக்னீசியா’ என்றும் வழங்கின. 1774இல் கான் மாங்கனீசு உலோகத்தைப் பிரித்தெடுத்தார். 1808இல் மக்னீசிய உலோகத்தைப் பெற்ற டேவி, மயக்கம் நேராதிருக்க அதற்கு ‘மக்னியம்’ எனப் பெயரிட விரும்பினார். அப்பெயர் நிலைக்கவில்லை, மயக்கம் நிலைத்தது.

தமிழ் எழுத்தில் இது மேலும் நெருங்கிவிடுகிறது. தமிழகத்தில் மாங்கனீசு - மக்னீசியம் எனவும், இலங்கையில் மங்கனீசு - மகனீசியம் எனவும் வழங்குகின்றன. பின்னிணையில் முதற்பகுதி வேறுபாடு ஒரு மெல்லின ஒற்று மட்டுமே. கனிமப் பெயர்களில் நிலைமை இன்னும் இடர்மிக்கது. சேலத்துச் சுண்ணக்கல் குன்றுகள் எனப்படும் பகுதியில் கிடைப்பது மாக்னசைட். அது மக்னீசியம் கார்பனேட்டு. அதே சேலத்தை அடுத்த கஞ்சமலையில் கிடைப்பது மாக்னடைட். அது இரும்பு ஆக்சைடு. மாங்கனைட் என்பதோ மாங்கனீசுக் கனிமம். மூன்றும் ஓரெழுத்து ஈரெழுத்துப் பிழையில் இடம் மாறக் கூடியவை. தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென 1916இல் இராசாசி முதலியோர் ஒரு சங்கத்தையும் இதழையும் தொடங்கிய ஊரும் சேலமே என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

இப்பிழையின் விளைவை ஓர் ஆய்வுமுறை தெளிவாகக் காட்டும். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்க 1888இல் வின்க்ளர் வகுத்த முறை இன்றும் கல்லூரி ஆய்வகங்களிலும் இறால் பண்ணைகளிலும் கையாளப்படுகிறது. நீர் மாதிரியில் முதலில் மாங்கனீசு சல்பேட்டும், பின்னர்க் காரம் கலந்த அயோடைடும் சேர்க்கப்படும். மாங்கனீசு ஹைட்ராக்சைடு வெண்ணிற வீழ்படிவாகத் தோன்றும். வேதியியல் நோக்கில் இது பைரோக்ரொயிட்டின் பொருளே. நீரில் ஆக்சிஜன் இருந்தால் அது பழுப்பாகும். இல்லையேல் வெண்மையாகவே நிற்கும். சுவீடன் சுரங்கத்துக் கனிமம் காற்றில் கருப்பதும் இக்குப்பியில் வீழ்படிவு பழுப்பாவதும் ஒரே நிகழ்ச்சி.

செய்முறை விளக்கத்தில் மாங்கனீசு சல்பேட்டு என்பது மக்னீசியம் சல்பேட்டு என அச்சாகிவிட்டதாகக் கொள்வோம். அதுவும் காரத்தில் வெண்ணிற ஹைட்ராக்சைடைத் தரும். மருந்துக் கடையில் கிடைக்கும் மக்னீசியப் பால் அதுவே. புரூசைட்டின் பொருளும் அதுவே. ஆனால் அது ஆக்சிஜனால் மாறாது. வெண்ணிற வீழ்படிவு எதிர்பார்த்தவாறே தோன்றும், பழுப்பாகாது, நீரில் ஆக்சிஜனே இல்லை என்னும் முடிவு பெறப்படும். குளத்து மீன் நலமாயிருக்க, ஏடு மட்டும் அது மூச்சற்றதெனக் கூறும். பொருளற்ற தொடரைத் தரும் பிழையைப் படிப்பவர் ஐயுறுவார். பொருள் தரும் பிழை ஐயத்திற்கு இடமளிப்பதில்லை. மொழிபெயர்ப்பில் மிகுந்த தீங்கு விளைப்பது இவ்வகையே.

7. கனிமமும் தாதுவும்

இதுவரை கூறியவை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வருவதில் நேர்வன. அண்டை மொழியிலிருந்து வரும்போதும் சிக்கல் உண்டு. திருவனந்தபுரத்து ஆரியசாலை, சாலைக் கடைத்தெரு ஆகிய பகுதிகளில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்துப் புழங்குகின்றன. இத்தகைய சூழலில் இரு மொழியிலும் பழகியவர்கள் மலையாளப் பாடநூற் சொற்களைத் தமிழில் அப்படியே கொள்வது இயல்பு. மாங்கனீசு, மக்னீசியம் ஆகிய பெயர்களில் இதனால் இடரில்லை. பொதுச்சொற்களில்தான் இடர்.

மலையாள அறிவியற் பாடநூல்களில் ‘தாது’ என்பது கனிமம். உலோகம் எடுக்கப் பயன்படும் கனிமம் ‘அயிர்’. தமிழிலோ முன்னது கனிமம்; பின்னதுதான் தாது. அயிர் என்பது தமிழிலக்கியத்தில் நுண்மணல். எனவே பைரோக்ரொயிட்டைத் ‘தாது’ எனக் குறிக்கும் மலையாளத் தொடர் முற்றிலும் சரி. அத்தொடரையே தமிழ் எழுத்தில் மாற்றினால் தவறு. மாங்கனீசு எடுப்பதற்கென வெட்டப்படும் அளவில் பைரோக்ரொயிட் கிடைப்பதில்லை. அது கனிமம், தமிழ்ப் பொருளில் தாது அன்று.

தமிழுக்குள்ளேயே இச்சொல் பல துறைகளில் பல பொருள் தாங்கி நிற்கிறது. இலக்கியத்தில் பூந்தாது, சித்த மருத்துவத்தில் உடலின் ஏழு தாதுக்கள், வீரசோழியத்தின் தாதுப் படலத்தில் வினையடி, உணவியலில் ‘தாது உப்பு’ எனும்போது கனிமம் என்னும் பொருள். இலங்கை வழக்கில் கனிமத்திற்குக் ‘கனியம்’ என்னும் சொல்லும் உண்டு. ஒரு நூலுக்குள் ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்னும் கட்டுப்பாடு இல்லாவிடின் படிப்பவர் தம் துறைப் பொருளையே கொள்வர்.

8. முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படுவன:

(1) கனிமத்தின் சிறப்புப் பெயரைப் பைரோக்ரொயிட் என ஒலிபெயர்த்து வழங்குவதே தக்கது. பெயர்ப்பொருளைத் தொகையாக்காது, ‘தீயால் நிறம் மாறுவது’ என வேற்றுமை உருபும் வினையும் தோன்ற விரித்து ஒருமுறை விளக்குதல் வேண்டும்.

(2) நிறம் போன்ற மாறும் இயல்புகளைப் பெயர்ப் பட்டியலாகத் தராமல், சூழலும் வரிசையும் விளங்க வினைத்தொடராகத் தருதல் வேண்டும்.

(3) ஹைட்ராக்சைடு, ஆக்சிஹைட்ராக்சைடு, நீரேறிய ஆக்சைடு ஆகிய மூன்றையும் வேறுபடுத்தி எழுதுதல் வேண்டும்.

(4) மாங்கனீசு, மக்னீசியம் இரண்டும் வருமிடங்களில் அச்சுப்படியை எழுத்தளவில் மட்டும் திருத்தாமல், கூறப்படும் நிறம், ஒப்படர்த்தி, வினை ஆகியன அத்தனிமத்திற்குப் பொருந்துகின்றனவா எனவும் சரிபார்த்தல் வேண்டும். காற்றில் கருக்கும் ‘மக்னீசியம் ஹைட்ராக்சைடு’ ஒரு நூலில் காணப்படின், பிழை வேதியியலில் இல்லை, எழுத்தில்தான் உள்ளது.

(5) மலையாளம் முதலிய உறவு மொழிகளிலிருந்து பெயர்க்கும்போது ஒத்த வடிவச் சொற்களை முதலில் ஐயுறுதல் வேண்டும்.

பைரோக்ரொயிட்டை நேரில் காணும் வாய்ப்புத் தமிழ் படிப்போரில் மிகச் சிலருக்கே அமையும். காணாதவருக்கு அதன் இயல்பை அறியத் துணையாவது தொடர் ஒன்றே. ஆதலின் அத்தொடரில் ஓர் உருபும் ஓர் எச்சமும் பிழையின்றி நிற்றல் வேண்டும்.